இன்பத்தைத் தேடுகிறவர்கள் நாவலில் ஏன் இன்பப்படுவதே இல்லை?

கேள்வி (ஒரு வாசகர்), 2 பிப்ரவரி 2024

பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களை வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எம்மா பொவாரி விஷம் தின்கிறாள். அன்னா கரீனினா ரயில் முன் விழுகிறாள். டோரியன் கிரே தன் ஓவியத்தைக் கத்தியால் குத்தித் தானே சாகிறான். இன்பத்தை நாடிப் போன ஒருவராவது உயிரோடும் மகிழ்ச்சியோடும் மிஞ்சுகிறாரா? இதையெல்லாம் மனித மனத்தின் ஆழமான ஆராய்ச்சி என்கிறார்கள். எனக்கென்னவோ, தப்புச் செய்தவள் கெட்டுப்போவாள் என்று பாட்டிமார் சொன்ன கதைதான் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்திருப்பதாகப் படுகிறது. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

2 பிப்ரவரி, இரவு

உங்கள் வாதத்தை முதலில் முன்வைத்தவர் ஒரு வக்கீல் என்பதை நினைவூட்டிவிட்டுத் தொடங்குகிறேன். 1856-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் பாரிஸ் இதழொன்றில் தொடராக வந்த 'மேடம் பொவாரி'க்காக, பொது ஒழுக்கத்தையும் மதத்தையும் புண்படுத்தியதாக அதை எழுதிய ஃபிளாபேர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அவருக்காக வாதாடிய செனார், கெட்ட வழியில் போனவளின் கோரமான முடிவைக் காட்டி வாசகரை நல்வழிக்குத் திருப்புகிற நூல் இது என்று நீதிமன்றத்தில் நிறுவப் பார்த்தார். 1857 பிப்ரவரி 7 அன்று விடுதலை கிடைத்தது. நன்றிக்கடனாக நூலின் சமர்ப்பணத்தில் செனாரின் பெயர் ஏறியது. அரசு வழக்கறிஞர் பினாரின் குறை வேறு: இந்தக் கதைக்குள் இவளைத் தலைகுனிய வைக்கும் தகுதியுள்ள ஒரே ஒரு பாத்திரம்கூட இல்லையே என்றார் அவர். இருவரில் நாவலைச் சரியாகப் படித்தவர் பினார்தான் என்பது என் கட்சி. வழக்கில் தோற்றார், வாசிப்பில் ஜெயித்தார்.

எம்மா இன்பம் அனுபவித்ததற்காகத் தண்டிக்கப்படுகிறாள் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் அவள் எங்கே இன்பம் அனுபவித்தாள் என்று காட்ட வேண்டும். வோபியஸார் மாளிகையின் நடனவிருந்து முடிந்து திரும்பும் வழியில், வண்டியின் வாரைச் சரிசெய்ய இறங்கிய கணவன் சார்ல், பச்சைப் பட்டால் கரை கட்டிய ஒரு சுருட்டுப் பெட்டியைத் தரையிலிருந்து எடுக்கிறான். உள்ளே இரண்டு சுருட்டுகள் இருக்கின்றன. அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் அவன் அதைப் பற்றவைத்து, இருமி, துப்பி, தண்ணீர் குடிக்க ஓடுகிறான். எம்மா பெட்டியைப் பறித்து அலமாரியின் அடியில் எறிகிறாள். பிறகு கணவன் வெளியே போன நேரங்களிலெல்லாம் துணிமடிப்புகளுக்கிடையிலிருந்து அதை எடுத்துத் திறந்து, உள்துணியின் மணத்தை முகர்கிறாள். அது தன்னோடு நடனமாடிய விஸ்கோம்த் என்ற பிரபுவுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, அதைத் தைத்துக் கொடுத்த காதலி ஒருத்தியையும் கற்பித்துக்கொள்கிறாள். சுருட்டைக் குடித்தவன் சார்ல், காலிப் பெட்டியை வைத்துக்கொண்டவள் எம்மா. அந்த நாவலின் உளவியல் மொத்தமும் எனக்கு இந்த ஒரு பக்கத்தில் அடங்கிவிடுகிறது.

3 பிப்ரவரி

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க விட்டுப்போயிற்று. உயிரோடும் மகிழ்ச்சியோடும் மிஞ்சுகிற ஒருவராவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. நீங்கள் படித்த 'அன்னா கரீனினா'வின் முதல் பக்கத்திலேயே அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். அன்னாவின் அண்ணன் ஸ்டீவா ஆப்லான்ஸ்கி.

3 பிப்ரவரி, மதியம்

ஸ்டீவாவைப் பற்றி விரிவாகச் சொல் என்று கேட்டவர்களுக்காக.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்த பிரெஞ்சுக்காரியோடு இருந்த உறவு மனைவிக்குத் தெரிந்து, மூன்று நாளாக வீடே தலைகீழாகக் கிடக்கிறது. படுக்கையறையிலிருந்து விரட்டப்பட்டுத் தன் அறைச் சோபாவில் படுத்திருக்கும் ஸ்டீவா, கண்ணாடி மேசைகள் பாட்டுப் பாடுகிற ஒரு விருந்தைக் கனவில் கண்டு, புன்னகையோடு கண்விழிக்கிறார். மேசை மேலிருந்த சின்னச் சின்ன மதுக்குப்பிகள் பெண்களாகவும் இருந்தன என்று நினைவுக்கு வருகிறது. நடந்தது நினைவுக்கு வருவது அதற்கப்புறம்தான். அவர் வருந்துவது செய்த காரியத்துக்காக அன்று, அதை இன்னும் நன்றாக மறைத்திருக்கலாமே என்பதற்காக. மனைவி டால்லி கடிதத்தை நீட்டிக் கேட்டபோது, தன் முகம் வழக்கமான அசட்டுப் புன்னகையைப் பூண்டுவிட்டதை நினைத்துத்தான் அவருக்கு உண்மையான வேதனை. அந்தப் புன்னகைக்கு அவர் கண்டுபிடிக்கும் சமாதானம், 'மூளையின் அனிச்சைச் செயல்'. உடலியல் படிப்பதில் அவருக்கு ஆசை என்று டால்ஸ்டாய் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். செச்சினவ் என்ற ரஷ்ய உடலியலாளர் அதே தலைப்பில் எழுதிய நூல் 1863-இல் வெளிவந்து, படித்த வீடுகளிலெல்லாம் பேசப்பட்டது. இன்பத்துக்கு அறிவியல் வக்காலத்து வாங்கும் பழக்கம் நம் காலத்தில் தோன்றியது என்று எண்ணுகிறவர்கள் இந்த இடத்தைப் படிக்கலாம்.

பிறகு அந்த உணவுவிடுதி. ஓஸ்டெண்ட் சிப்பி இல்லை, ஃபிளென்ஸ்பர்க் சிப்பிதான் இருக்கிறது என்று தாத்தாரியப் பரிசாரகன் சொன்னதும், சாப்பாட்டுத் திட்டத்தையே மாற்றலாமா என்று ஸ்டீவா நிஜமான அக்கறையோடு யோசிக்கிறார். காதல் கவலையில் இருக்கும் நண்பன் லெவினுக்கு முட்டைக்கோஸ் சாறும் தானியக் கஞ்சியும் போதும். எங்கள் கிராமத்தில் வேலைக்குத் திரும்புவதற்காகச் சீக்கிரம் வயிற்றை நிரப்பப் பார்ப்போம், நீங்கள் வயிறு நிரம்பாமல் எவ்வளவு நேரம் இழுக்கலாம் என்று பார்க்கிறீர்கள் என்கிறான் லெவின். எல்லாவற்றிலிருந்தும் இன்பத்தை வடித்தெடுப்பதுதானே நாகரிகத்தின் நோக்கம் என்கிறார் ஸ்டீவா. பணம் கட்டும்போது லெவின் பங்குக்குப் பதினான்கு ரூபிள் வருகிறது.

ஸ்டீவா சிப்பியைச் சாப்பிடுகிறார், கண் பளபளக்கிறது, அவ்வளவுதான். எம்மா அதே மேசையில் உட்கார்ந்திருந்தால், பாரிஸில் இதைவிட நல்ல சிப்பியை யார் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று யோசித்திருப்பாள்.

4 பிப்ரவரி

'இதெல்லாம் இலக்கியம், இதில் உளவியல் எங்கே' என்று கேட்டவருக்கு.

1954-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர், எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செருகி, ஒரு நெம்புகோலை அழுத்தினால் அங்கே மின்தூண்டல் கிடைக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். எலிகள் ஓயாமல் அழுத்தின. இப்படிப்பட்ட சோதனைகளில் எலி மணிக்கு ஆயிரம் முறைக்கு மேலும் அழுத்துவது உண்டு. மூளையில் இன்பத்தின் இருப்பிடத்தைக் கண்டுபிடித்தாயிற்று என்று உலகம் நம்பியது. இவ்வளவு தூரம் அழுத்துகிற எலி நிஜமாகவே இன்பப்படுகிறதா என்ற கேள்வியைப் பின்னாளில் உண்மையான சோதனையாக்கியவர்களில் முக்கியமானவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ். டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் சுரப்பு ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்ட எலி, பக்கத்தில் உணவு இருந்தாலும் தானாகப் போய்த் தின்னாது, பட்டினி கிடந்தே செத்துப்போகும். அதே எலியின் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால், மற்ற எலிகளைப் போலவே நாக்கை நீட்டி உதட்டை நக்குகிறது. வேண்டும் என்ற உந்துதல் போய்விட்டது, ருசிக்கும் திறன் அப்படியே இருக்கிறது. இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. ருசி கூடாமலே உந்துதல் மட்டும் ஏறிக்கொண்டு போகும். போதைக்கு அடிமையானவர்களை விளக்க பெரிட்ஜும் அவருடைய சகா ராபின்சனும் முன்வைத்தது இதைத்தான்.

எம்மாவின் மூன்றாம் பாகத்தை இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். லெயோன் அவளுக்குச் சலித்துவிட்டான். கள்ளக்காதலிலும் கல்யாணத்தின் சப்பென்ற தன்மையெல்லாம் வந்து சேர்ந்துவிட்டதை அவளே உணர்கிறாள். ஆனாலும் கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை. காதலனுக்கு எழுதத்தானே வேண்டும். எழுதும்போது அவள் கண்முன் வருகிறவன் லெயோன் இல்லை, தன் நினைவுகளிலிருந்தும் படித்த புத்தகங்களிலிருந்தும் திரட்டிய வேறொருவன். எழுதி முடித்ததும் நொறுங்கிப் போய் விழுகிறாள். உந்துதல் மட்டும் மிஞ்சி ருசி அற்றுப்போன நிலைக்கு இதைவிடத் துல்லியமான மருத்துவக் குறிப்பை நான் படித்ததில்லை.

எலியையும் எம்மாவையும் ஒன்றாக்காதே என்று யாராவது வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எலிக்கு வால்டர் ஸ்காட்டைப் படிக்கக் கொடுத்தவர் யாருமில்லை. எம்மாவின் ஆசைக்கு உருவம் கொடுத்தவை கன்னிமாடத்தில் திருட்டுத்தனமாகப் படித்த நாவல்கள். இந்த வேறுபாடு பெரியது.

4 பிப்ரவரி, இரவு

தஸ்தயேவ்ஸ்கியின் 'சூதாடி' பேராசைக்காரனின் கதை என்று மேலே ஒருவர் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதன் நாயகன் அலெக்ஸிக்குப் பணத்தில் ஆசை இருந்ததாக எனக்கு ஒரு தடயமும் கிடைக்கவில்லை. ஒரே இரவில் அவன் இரண்டு லட்சம் ஃபிராங்க் ஜெயிக்கிறான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான்? தனக்குப் பெரிதாகப் பிடிக்காத பிளான்ஷ் என்பவளோடு பாரிஸுக்குப் போகிறான், அவன் பங்கு சுமார் மூன்று வாரத்தில் கரைகிறது, கரைவதை அலுப்போடு வேடிக்கை பார்க்கிறான். சூதாட்ட மேசையைத் தொட்ட கணத்திலிருந்து போலினா மீதிருந்த காதலே பின்னுக்குப் போய்விட்டது என்று அவனே ஒப்புக்கொள்கிறான். அவளைக் காப்பாற்றுவதற்காகத்தான் அன்றிரவு மேசைக்கே போனான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அவனை அவிழ்த்துக் காட்டுவது கடைசி அத்தியாயத்தில் வரும் அந்த ஒற்றை குல்டன். எல்லாவற்றையும் தோற்று வெளியே வந்தவன், சட்டைப்பையில் ஒரு நாணயம் மிச்சமிருப்பதைக் கண்டு, இன்றைக்குச் சாப்பாட்டுக்கு ஆயிற்று என்று நினைக்கிறான். நூறு அடி நடந்ததும் மனம் மாறித் திரும்பிப் போய் அதையும் வைக்கிறான். ஜெயிக்கிறான். நூற்றெழுபது குல்டனோடு வெளியே வருகிறான். தோற்றிருந்தால் அவன் பிழைத்திருக்கக்கூடும் என்பது என் ஐயம். அந்நிய தேசத்தில், நண்பர்கள் இல்லாமல், அன்றைக்கு என்ன சாப்பிடப்போகிறோம் என்று தெரியாமல் கடைசி நாணயத்தை வைத்தபோது உண்டான அந்த உணர்வைத்தான் அவன் திரும்பத் திரும்பச் சொல்கிறான். நூற்றெழுபதை என்ன செய்தான் என்பதை விவரிக்க அவனுக்கு ஆர்வமில்லை. நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டதும் இதற்கு அருகில் வருகிறது. பழரசம் வரப்போகிறது என்று அறிவிக்கும் விளக்குக்குக் குரங்கு பழகிய பிறகு, அதன் டோபமைன் நரம்பணுக்கள் துடிப்பது விளக்கு எரியும்போதுதான். ரசம் வந்து சேரும்போது அவை சும்மா இருக்கின்றன.

எழுதியவர் விஷயம் தெரிந்தவர். 1866 நவம்பர் 1-க்குள் ஒரு புதிய நாவல் கொடுக்காவிட்டால், ஒன்பது ஆண்டுகளுக்குத் தம் எழுத்தைக் காசு வாங்காமல் பதிப்பிக்கும் உரிமையை ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளருக்கு விட்டுத்தர ஒப்பந்தம் போட்டிருந்தார். 26 நாளில், அன்னா ஸ்னித்கினா என்ற இளம் சுருக்கெழுத்தாளரிடம் வாய்மொழியாகச் சொல்லி 'சூதாடி'யை முடித்தார். அடுத்த பிப்ரவரியில் அவரையே மணந்தார். நாவலில் எல்லாவற்றையும் இவ்வளவு தெளிவாக எழுதிய அதே மனிதர் 1871 வரை மேசையை விடவில்லை. தன் நோயை இவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருந்தது குணத்துக்கு ஒரு தம்படிகூட உதவவில்லை.

5 பிப்ரவரி

'சூதாடி'யின் பாட்டியை விட்டுவிட்டேனே என்று கோபித்துக்கொள்கிறார்கள். நியாயம்தான். எழுபத்தைந்து வயது, நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வரப்படுகிறாள், ரூலெட் மேசையில் பூஜ்யத்தின் மீது வைத்தால் முப்பத்தைந்து மடங்கு தருவார்கள் என்று கேள்விப்பட்டதும், அப்படியானால் இந்த முட்டாள்கள் ஏன் அதில் வைக்கவில்லை என்று கேட்கிறாள். இதைப் படித்துச் சிரிக்காதவரோடு எனக்குப் பேச்சில்லை. பெரும் சொத்தைத் தோற்றும் அவள் தப்பித்துவிடுகிறாள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊர்க்கோயிலைக் கல்லால் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டு, கடன் வாங்கி மாஸ்கோவுக்கு வண்டியேறுகிறாள். திரும்பிப் போக அவளுக்கு ஓர் ஊர் இருக்கிறது. அலெக்ஸிக்கு இல்லை.

5 பிப்ரவரி, மாலை

கனமாகிக்கொண்டே போகிறது, கொஞ்சம் இளைப்பாறலாம். யூய்ஸ்மான்ஸ் 1884-இல் எழுதிய 'ஆ ரெபூர்' நாவலின் நாயகன் தேஸெசெந்த், இன்பத்தை ஓர் அலுவலகம்போல் நடத்துகிறவன். மதுவகைகளைச் சின்னச் சின்னப் பீப்பாய்களில் அடைத்து, சொட்டுச் சொட்டாக நாக்கில் விட்டு, வாய்க்குள்ளேயே சங்கீதம் வாசிக்கிறான். கம்பளத்தின் நிறத்தை எடுத்துக்காட்ட ஆமையின் ஓட்டுக்குத் தங்கமுலாம் பூசி ரத்தினம் பதிக்கிறான், ஆமை செத்துப்போகிறது. ஒருநாள் லண்டனுக்குப் பயணம் கிளம்புகிறான். பாரிஸுக்கு வந்து, லண்டன் கையேட்டைப் புரட்டி, ரயில் நிலையத்துக்கு அருகில் ஆங்கிலேயர்கள் கூடும் விடுதியில் மாட்டுவால் சூப்பும் ஆங்கில பீரும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். வெளியே மழை. இதுதானே லண்டன், இதற்கு மேல் போனால் ஏமாற்றம்தானே மிஞ்சும் என்று மூட்டைமுடிச்சோடு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறான்.

சிரிப்பதற்கு எனக்கு அருகதை இல்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கி, முகர்ந்து பார்த்து, அட்டை போட்டு அடுக்கிய புத்தகங்களில் பாதியை நான் திறந்ததில்லை. வாங்கி வீடு வந்து சேரும் பேருந்துப் பயணத்தோடு அவற்றின் வேலை முடிந்துவிட்டது.

7 பிப்ரவரி

முதல் நாள் எழுதியதற்குத் திரும்புகிறேன். எம்மாவை அவளுடைய இன்பம் கொல்லவில்லை என்று சொன்னேன். அப்படியானால் கொன்றது எது என்பதைச் சொல்லாமல் விட்டால் வாதம் பாதியில் தொங்கும்.

என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி ஒரு வங்கியின் கடன் பிரிவில் கழிந்தது. அதனாலோ என்னவோ, மற்றவர்கள் எம்மாவின் முதல் காதலன் ரோதோல்ஃபின் காதல் வசனங்களில் மயங்குகிற இடத்தில் எனக்குக் கண் போவது லெரோ என்ற துணி வியாபாரியின் மீதுதான். அவன் நடத்தும் தொழில் அப்பட்டமான கந்துவட்டித் தொழில், நுணுக்கங்கள் ஒன்றுவிடாமல் இருக்கின்றன. முதலில் சரக்கைக் கடனுக்குத் தருகிறான், பணத்துக்கு அவசரமில்லை என்கிறான். எம்மா நோயில் கிடக்கும்போது சார்லிடம் புரோநோட்டில் கையெழுத்து வாங்குகிறான். நூற்றுக்கு ஆறு வட்டி, அதன் மேல் தரகு, விற்ற சரக்கில் மூன்றில் ஒரு பங்கு லாபம் என்று அவன் மனக்கணக்குப் போடுவதைப் ஃபிளாபேர் எண்களோடு எழுதிவைத்திருக்கிறார். மாமனார் செத்ததும், கணவனிடமிருந்து பவர் பத்திரம் வாங்கிக்கொள்ளலாமே என்று எம்மாவின் காதில் போடுகிறான். பழைய நோட்டைக் கிழித்துப் புதிய நோட்டு எழுதுகிறான், ஒவ்வொரு முறையும் தொகை ஏறுகிறது. கடைசியில் நோட்டுகளை ரூவானில் உள்ள வென்சார் என்பவனுக்குக் கைமாற்றிவிட்டு, இப்போது என் கையில் ஒன்றும் இல்லையே அம்மா என்று கைவிரிக்கிறான். எட்டாயிரம் ஃபிராங்குக்கு ஜப்தி வருகிறது.

அவள் ஆர்செனிக்கை அள்ளித் தின்னப் போவது காதல் தோல்வியில் அன்று. பணம் கேட்டு நோட்டரி, வரிவசூலிப்பவர், பழைய காதலன் என்று வாசல் வாசலாக ஏறி இறங்கிய பிற்பகலின் முடிவில். ரோதோல்ஃப் மட்டும் மூவாயிரம் ஃபிராங்க் கொடுத்திருந்தால் அவள் அன்றைக்குச் செத்திருக்க மாட்டாள். கொஞ்ச நாள் கழித்து இன்னொரு திரைச்சீலை வாங்கியிருப்பாள்.

கடன் கேட்டு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர்களில் பலரிடம் நான் கண்டதும் இந்த முகம்தான். பொருளைக் குறித்துப் பேசும்போது இருக்கும் வெளிச்சம், அந்தப் பொருள் வீட்டுக்கு வந்த பின் தவணை கட்ட வரும்போது இருக்காது. அடுத்த கடனைக் குறித்து விசாரிக்கும்போது மறுபடி வரும். லெரோவுக்கு இது தெரியும். அவன் விற்பது துணி இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். எங்கள் வங்கிக்கும் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன், விளம்பரப் பலகையில் எப்போதும் பொருளின் படம்தான் இருந்தது, தவணை அட்டவணை இருந்ததில்லை.

8 பிப்ரவரி

ஸ்டீவாவைப் புகழ்ந்து தள்ளிவிட்டீர்கள், அவர் இன்பத்துக்கு யார் காசு கொடுத்தது என்று கேட்ட அம்மையாருக்கு வணக்கம். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

டால்லி கொடுத்தாள். டால்லியின் பெயரில் இருந்த காட்டை ரியாபினின் என்ற வியாபாரிக்கு ஸ்டீவா முப்பத்தெட்டாயிரம் ரூபிளுக்கு விற்கிறார், எட்டாயிரம் முன்பணம், மீதி ஆறு ஆண்டுகளில். மரத்தை எண்ணிப் பார்த்தாயா என்று லெவின் கொதிக்கிறான். கடலோர மணலை எண்ணுவார்களா என்று ஸ்டீவா சிரிக்கிறார். ஏழாம் பாகத்தில், வந்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்று தீர்த்துவிட்டு, மிச்சப் பங்கின் பெரும்பகுதியையும் பத்து சதவீதம் கழித்துக்கொண்டு அதே வியாபாரியிடம் முன்கூட்டியே வாங்கிவிட்டார். அந்தக் குளிர்காலத்தில்தான் டால்லி முதல்முறையாகத் தன் சொத்து தன்னுடையது என்று சொல்லி, கடைசித் தவணைக்குக் கையெழுத்துப் போட மறுக்கிறாள். டால்ஸ்டாய் இதை இரண்டு மூன்று வாக்கியத்தில் கடந்துபோகிறார். என்னைக் கேட்டால் அந்த நாவலின் மிகப் பெரிய புரட்சிகளில் ஒன்று அந்த மறுப்பு. அன்னாவைப் பார்க்கப் போகிற இடத்தில், பணிப்பெண் முன்னால் தன் ஒட்டுப்போட்ட இரவுச்சட்டையை எடுக்க டால்லி கூசிய கூச்சத்தையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சிப்பியின் விலை அந்த ஒட்டில் இருக்கிறது.

ஸ்டீவாவால் இன்பப்பட முடிகிறது என்ற என் பேச்சை நான் திரும்பப் பெறவில்லை. அந்தத் திறன் எதனால் ஆனது என்பதுதான் இப்போது உறுத்துகிறது. எட்டாம் பாகத்தில் ரயில் நிலையத்தில் அன்னாவின் காதலன் விரான்ஸ்கி இருக்கிறான் என்று கேட்டதும் ஸ்டீவாவின் முகம் ஒரு கணம் வாடுகிறது. அடுத்த கணமே மீசையை நீவிக்கொண்டு அவனிடம் போகும்போது, தங்கையின் பிணத்தின் மீது விழுந்து அழுததை அவர் அடியோடு மறந்திருக்கிறார். இந்த நொடியில் மட்டும் இருப்பதே நலம் என்று இன்றைக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். ஸ்டீவா பிறவியிலேயே அதில் தேர்ந்தவர்.

8 பிப்ரவரி, இரவு

விரான்ஸ்கியின் பெயர் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அன்னாவை அடைந்து இத்தாலிக்குப் போனபின், எதிர்பார்த்த மலையில் ஒரு மணல்துகள்தான் கைக்கு வந்தது என்று அவன் உணர்கிறான். ஆசைகள் வேண்டும் என்ற ஆசை மட்டும் உள்ளே கிளம்புகிறது. நாளில் பதினாறு மணிநேரத்தை எதையாவது செய்து கழிக்க வேண்டியிருக்கிறது. ஓவியம் வரையத் தொடங்குகிறான், இடைக்காலத்துப் பாணியில் தொப்பியும் தோளில் மேலங்கியும் போட்டுக்கொள்கிறான். பிறகு மிகைலவ் என்ற உண்மையான ஓவியன் தீட்டிய அன்னாவைப் பார்த்ததும் தன் படத்தை நிறுத்திவிடுகிறான். இங்கே அவனைத் தண்டிக்க யாரும் வரவில்லை. ரயில் வருவதற்கு வெகுநாள் இருக்கிறது.

டோரியன் கிரேயின் கதையை எழுதிய வைல்டின் ஹென்றி பிரபு சிகரெட்டைக் குறையற்ற இன்பம் என்கிறார். அருமையாக இருக்கிறது, திருப்தி தராமல் விட்டுவிடுகிறது, வேறென்ன வேண்டும் என்கிறார். வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு கடந்துபோகிறோம். டோரியன் அதை வாழ்க்கைத் திட்டமாக எடுத்துக்கொண்டு வாசனைத் திரவியம், இசைக்கருவி, ரத்தினம், பூவேலைத் துணி என்று வரிசையாகச் சேகரிக்கிறான். அந்த அத்தியாயம் வாசகருக்கு அலுக்கிறது என்று குறை சொல்கிறார்கள். அவனுக்கும் அலுத்ததால்தானே அடுத்ததற்குத் தாவினான்.

10 பிப்ரவரி

மகாபாரதத்தில் யயாதி இருக்கும்போது ரஷ்யாவுக்கு ஏன் போனீர்கள் என்கிறார் ஒருவர். யயாதி சொன்னதாக எல்லோரும் மேற்கோள் காட்டுவது, நெய் ஊற்றிய தீயைப் போல அனுபவிக்க அனுபவிக்க ஆசை வளரும் என்பதை. எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அதற்கு முந்திய ஏற்பாடு. தந்தையின் முதுமையை வாங்கிக்கொண்டு இளமையைக் கொடுத்த பூரு அந்த ஆயிரம் ஆண்டும் என்ன செய்துகொண்டிருந்தான்? தத்துவம் சொன்னவன் யயாதி, தவணை கட்டியவன் பூரு. டால்லிக்கு மூத்தவன் அவன்.

11 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, எல்லாம் சரி, அண்ணன் பிழைக்கிறான், தங்கை சாகிறாள், இருவரும் செய்தது ஒரே காரியம்தானே, இது தண்டனை இல்லாமல் வேறென்ன என்று மடக்கியிருக்கிறார். இந்த இழையில் இதுவரை கேட்கப்பட்டதில் வலுவான கேள்வி இதுதான்.

அன்னா மாஸ்கோவுக்கு வருவதே அண்ணனின் குற்றத்தைப் பூசி மெழுகத்தான். டால்லியை மன்னிக்கச் சொல்லிச் சமாதானம் செய்துவைத்தவள் அவள். அந்தப் பயணத்தில்தான் விரான்ஸ்கியைப் பார்க்கிறாள். ஸ்டீவாவின் உறவு வீட்டோடு முடிந்துபோன சமாசாரம், அலுவலகத்தில் அவர் தலைமை நாற்காலிக்கு ஆபத்தில்லை, கிளப்பில் எல்லோரும் தோளைத் தட்டுகிறார்கள். அன்னா நாடகக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்ததற்கே, பக்கத்து மாடத்துப் பெண்மணி அவமானம் என்று சொல்லி எழுந்து போகிறாள். மகனைப் பார்க்க அவன் பிறந்தநாள் காலையில் முகத்திரையோடு திருடியைப்போல் தன் பழைய வீட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. விவாகரத்து, பிள்ளை, ஊரின் பார்வை ஆகிய மூன்றும் கணவன் கையிலும் சட்டத்தின் கையிலும் இருக்கின்றன.

ஆகவே உங்களோடு பாதி வழி வருகிறேன். தண்டனை இருக்கிறது. அதைக் கொடுப்பது நாவலாசிரியரா, அவர் பார்த்த ஊரா என்பதில்தான் நமக்குள் வேறுபாடு. 'பழிவாங்குதல் எனக்குரியது' என்ற வேதவசனத்தை முகப்பில் வைத்தவர் டால்ஸ்டாய்தான், அதை மறைக்க முடியாது. ஆனால் அதே கையால் ஸ்டீவாவுக்கு ரயில்வேயும் வங்கியும் சேர்ந்த ஒரு குழுவில் நல்ல சம்பளத்தோடு வேலையும் வாங்கிக் கொடுத்தாரே. உபதேசம் செய்ய வந்தவர் அந்த நியமனத்தை எழுதியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

11 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டவர்களுக்கு: 'சூதாடி' சிறியது, இரண்டு உட்காரலில் முடிந்துவிடும். 'மேடம் பொவாரி'யை முன்பே படித்தவர்கள் இந்த முறை லெரோ வரும் பக்கங்களில் மட்டும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போங்கள். 'ஆ ரெபூர்' முழுவதையும் படித்தே ஆக வேண்டும் என்று நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன், லண்டன் பயணம் வரும் பதினோராவது அத்தியாயத்தைத் தனியாகவே படிக்கலாம்.